லைவ் லினக்ஸில் வேறு கெர்னல்: எங்கே நின்றால் எதைப் பார்ப்பது

கொழிஞ்சாம்பாறை மாதிரி எல்லை ஊரில் லேப்டாப் பழுது பார்க்க உட்கார்ந்தால் இரண்டு மாநிலத்து இயந்திரங்களும் மேசைக்கு வரும். சித்தூர் தாலுக்காவின் தமிழ் வழிப் பள்ளிகளிலிருந்து வருகிறவற்றில் கேரளத்தின் கைட் லினக்ஸ் இருக்கும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவற்றில், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த லேப்டாப்கள் நிறைய. பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உண்டு. இவை போக, போன மாதம் வாங்கிய புத்தம் புது லேப்டாப்பும் வரும்.

எல்லாவற்றுக்கும் ஒரே லைவ் பென் டிரைவ் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேராக ஓடும் லினக்ஸ்) சரிப்படாது. பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடும் கெர்னல் (ஹார்டுவேரை இயக்கும் லினக்ஸின் உள்கரு) புதியதில் வைஃபையைக் கண்டுகொள்ளாது. புதிய கெர்னல் பழையதில் கருப்புத் திரையோடு நின்றுவிடும். அப்போது வேறு கெர்னலில் பூட் செய்ய வேண்டும். அதைச் செய்யும்போது எங்கெங்கே சிக்குகிறதோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போகலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள்.

## எதற்கும் முன்னால் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

லைவ் லினக்ஸில் மூன்று பொருள்கள் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். ஒன்று, விஎம்லினுஸ் என்ற கெர்னல் கோப்பு (பெயர் 'இசட்' எழுத்தில் முடியும்). இரண்டு, இனிட்ஆர்டி என்ற தொடக்கக் கோப்பு. மூன்று, ஏறிவரும் சிஸ்டத்துக்குள் /லிப்/மாட்யூல்ஸ் என்ற இடத்தில் அதே எண்ணில் ஒரு ஃபோல்டர். கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டுகள் (மாட்யூல்கள்) அதில் இருக்கும். கீழே வரும் கோளாறுகளில் பல, இந்த மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டை அப்படியே விட்டதால் வருபவைதான்.

முதல் இரண்டும் பென் டிரைவில் எங்கே இருக்கும்? உபுண்டுவிலும் மின்ட்டிலும் கேஸ்பர் ஃபோல்டரில். டெபியனில் லைவ் ஃபோல்டரில். ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ் இரண்டிலும் ஆன்டிஎக்ஸ் என்ற பெயருள்ள ஃபோல்டரில்.

எந்தக் கெர்னலில் இருக்கிறோம் என்று பார்க்க டெர்மினலில் 'யூநேம் -ஆர்' போதும். அதோடு 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' என்றும் அடித்துப் பாருங்கள். மெனு எந்தக் கோப்பை ஏற்றியது, என்னென்ன சொற்களைக் கூட அனுப்பியது என்று அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும். மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், ஏறியது வேறொன்று என்ற குழப்பம் அடிக்கடி வருவது. ஊகத்தில் போகாமல் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொன்று: திரையில் பிழைச் செய்தி வந்தால் உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் அது போய்விடும்.

## அறிகுறி 1: கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் மெனுவே வரவில்லை

நேராக விண்டோஸுக்குப் போகிறது என்றால்: பூட் மெனு விசையைச் சரிபாருங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் போய் அந்த விசையை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். விசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக இருக்கலாம். ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து, அப்போது விசையைத் தட்டுங்கள்.

பென் டிரைவ் பட்டியலிலேயே இல்லை என்றால்: வேறு போர்ட்டில் செருகுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் போர்ட்டுக்குள் தூசி படிந்து கிடப்பது இங்கே சாதாரணம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நான்கு பித்தளைக் கோடுகளில் ஒன்று மங்கிக் கறுத்திருப்பது தெரியும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறமும் இல்லை என்றால் அந்தப் பென் டிரைவை வேறு லேப்டாப்பில் பூட் செய்து பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் ஐஎஸ்ஓவை (லைவ் லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) மறுபடி எழுத வேண்டியதுதான்.

வேறு லேப்டாப்பில் வருகிறது, இதில் மட்டும் இல்லை என்றால்: சில மலிவு விலை இன்டெல் ஆட்டம் இயந்திரங்களில் சிபியு 64 பிட், யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) மட்டும் 32 பிட். அதற்கு பூட்ஐஏ32 என்ற கோப்பு பென் டிரைவின் இஎஃப்ஐ ஃபோல்டரில் இருக்க வேண்டும். அது இல்லாத ஐஎஸ்ஓவை அந்த இயந்திரம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

மெனு வராமல் நேராக லினக்ஸ் ஏறிவிடுகிறது என்றால்: கிரப் (கெர்னலை ஏற்றும் மென்பொருள்) மெனு மறைந்திருக்கிறது. பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே இருங்கள். யுஇஎஃப்ஐ முறையில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். வென்டாய் (ஒரே பென் டிரைவில் பல ஐஎஸ்ஓ வைத்து பூட் செய்யும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் வரும் இரண்டாவது மெனுவில் 'கிரப்2 மோட்' எடுத்துப் பார்க்கலாம். சாதாரண முறையில் வராத மெனு அதில் வருவதுண்டு.

எந்தப் போர்ட்டிலும் எந்தப் பென் டிரைவும் தெரியவில்லை, பயாஸுக்கும் கடவுச்சொல் கேட்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். பள்ளி இயந்திரமாக இருந்தால் பள்ளி வழியாகவே புகார் கொடுக்க வேண்டும். உத்தரவாதம் இருக்கும்போது வெளியாள் திறப்பது பின்னால் தொல்லை.

## அறிகுறி 2: மெனு வருகிறது, ஆனால் ஒரே கெர்னல்தான் இருக்கிறது

பெரும்பாலான லைவ் ஐஎஸ்ஓக்களில் ஒரே ஒரு கெர்னல்தான் வைத்திருப்பார்கள். தமிழ் வழிப் பள்ளி டீச்சர் ஒருவர் போனில் கேட்டார்: "தம்பி, மெனுல 'சேஃப் கிராஃபிக்ஸ்'னு ரெண்டாவதா ஒண்ணு இருக்கே, அதான் வேற கெர்னலா?" இல்லை டீச்சர். அது அதே கெர்னல்தான்; கூடவே நோமோட்செட் (கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவரை விட்டுவிடச் சொல்வது) என்ற சொல் மட்டும் போகிறது. மின்ட்டில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதும் அதே கெர்னலைச் சில சொற்களோடு ஏற்றுவதுதான்.

உண்மையிலேயே இரண்டாவது கெர்னல் இருக்கிறதா என்று பார்க்க, பென் டிரைவைத் திறந்து கேஸ்பர் அல்லது லைவ் ஃபோல்டரில் விஎம்லினுஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். உபுண்டு சர்வர் ஐஎஸ்ஓக்களில் ஹெச்டபிள்யூஇ (புதிய ஹார்டுவேருக்கான கெர்னல்) என்று தொடங்கும் இரண்டாவது ஜோடி இருப்பதுண்டு. மெனுவிலும் தனி வரியாக இருக்கும். டெபியனின் பழைய 32 பிட் லைவ் ஐஎஸ்ஓக்களில் பிஏஇ (32 பிட் சிபியு 4 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தும் வசதி) உள்ளது, இல்லாதது என இரண்டு கெர்னல்கள் வந்தன. சிஸ்டம்ரெஸ்க்யூவும் பழைய பதிப்புகளில் மாற்றுக் கெர்னல் வைத்திருந்தது. 2019இல் ஆர்ச் அடிப்படைக்கு மாறிய பிறகு ஒன்றுதான்.

ஃபோல்டரில் இரண்டு இருந்து மெனுவில் ஒன்று மட்டும் தெரிந்தால், மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் விஎம்லினுஸின் பெயரையும், 'இனிட்ஆர்டி' என்று தொடங்கும் வரியில் அதன் ஜோடிப் பெயரையும் மாற்றி, கன்ட்ரோல்+எக்ஸ் அல்லது எஃப்10 கொடுங்கள். இரண்டு வரியையும் மாற்ற வேண்டும். மெனு பழைய ஐசோலினக்ஸ் வகையாக இருந்தால் 'ஈ' வேலை செய்யாது. டேப் விசையில் கீழே ஒரு வரி திறக்கும், அதில் திருத்தி என்டர் தட்டுங்கள். இப்படிச் செய்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தப்பாக அடித்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

ஃபோல்டரிலும் ஒன்றுதான் என்றால், இருக்கிற பென் டிரைவோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு ஐஎஸ்ஓ எடுப்பதே சுலபம். எதை எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உபுண்டு 18.04 முதலில் வந்தபோது 4.15 கெர்னல், 20.04இல் 5.4, 22.04இல் 5.15, 24.04இல் 6.8. அதே உபுண்டுவின் பின்னால் வந்த திருத்தப் பதிப்புகளில் கெர்னல் ஏறும். 22.04.5 ஐஎஸ்ஓவில் 6.8 இருக்கிறது, 24.04.3இல் 6.14. டெபியன் 11இல் 5.10, 12இல் 6.1, 13இல் 6.12. எம்எக்ஸில் ஏஹெச்எஸ் என்ற பதிப்பும், மின்ட்டின் 21 வரிசையில் எட்ஜ் என்ற பதிப்பும் புதிய கெர்னலுக்காகவே வெளியிட்டவை.

இயந்திரப் பக்கம் பார்த்தால், புதிய லேப்டாப்பில் முதலில் உதைப்பது வைஃபைதான். மீடியாடெக் 7921 வகைக்கு 5.12 வேண்டும். ரியல்டெக் 8852ஏஇ கார்டுக்கு 5.16. அதன் தம்பி 8852பிஇ கார்டுக்கு 6.2. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், கெர்னலில் ஒரு வருஷத்து இடைவெளி. 'எல்எஸ்பிசிஐ' அடித்து அந்த எழுத்துவரை படியுங்கள். 22.04இன் முதல் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு 8852பிஇ லேப்டாப்பில் எத்தனை முறை பூட் செய்தாலும் வைஃபை வராது, 22.04.5 எடுத்தால் அதே உபுண்டுவில் வந்துவிடும். பள்ளிகளில் ஒரே வரிசையில் இருக்கும் லேப்டாப்களில்கூட இரண்டு வகைக் கார்டு கலந்திருக்கலாம் என்பதால், ஒன்றில் வந்ததை வைத்து எல்லாவற்றுக்கும் முடிவு கட்டாதீர்கள்.

## அறிகுறி 3: சிபியு பொருந்தவில்லை என்ற செய்தி

"எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஐ686தான் இருக்கிறது" என்று சொன்னால்: 64 பிட் கெர்னலை 32 பிட் இயந்திரத்தில் ஏற்றப் பார்க்கிறீர்கள். மெனுவில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் ஓடாது. 32 பிட் ஐஎஸ்ஓ வேண்டும். டெபியன் 12 வரை 32 பிட் கெர்னல் உண்டு, 13இல் எடுத்துவிட்டார்கள். உபுண்டுவின் முக்கிய டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 17.10லிருந்தே 32 பிட்டில் இல்லை.

"பிஏஇ இல்லை" என்று சொன்னால்: பிஏஇ இல்லாத கெர்னலை எடுங்கள். பென்டியம் எம் வகை என்றால், சிபியுவுக்குள் அந்த வசதி இருந்தும் வெளியே காட்டாமல் இருக்கலாம். லினக்ஸ் வரியின் கடைசியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு நிபுணரைத் தேட வேண்டியதில்லை. சரியான ஐஎஸ்ஓ கிடைத்தால் முடிந்தது.

## அறிகுறி 4: "யூ நீட் டு லோட் த கெர்னல் ஃபர்ஸ்ட்"

இந்த வரிக்கு மேலே இன்னொரு வரி இருக்கும். கோளாறைச் சொல்வது அதுதான்.

மேலே 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்றிருந்தால்: கோப்புப் பெயரில் பிழை. கிரப் மெனுவில் 'சி' அழுத்தினால் கட்டளை வரி வரும்; அங்கே 'எல்எஸ்' கட்டளையால் ஃபோல்டரைத் திறந்து உண்மையான பெயரைப் பாருங்கள். மின்ட்டில் இனிட்ஆர்டிக்குப் பின்னால் '.எல்இசட்' ஒட்டிக்கொண்டிருக்கும், உபுண்டுவின் புதிய பதிப்புகளில் இருக்காது. ஒன்றிலிருந்து மெனு வரியை மற்றொன்றுக்கு நகல் எடுப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

மேலே 'பேட் ஷிம் சிக்னேச்சர்' அல்லது 'இன்வேலிட் சிக்னேச்சர்' என்றிருந்தால்: செக்யூர் பூட் (கையொப்பமிட்டதை மட்டும் பூட் செய்ய விடும் பாதுகாப்பு) அந்தக் கெர்னலை ஏற்க மறுக்கிறது. கையொப்பமில்லாத கெர்னல், அதாவது நீங்களே தொகுத்தது அல்லது மெயின்லைன் தளத்திலிருந்து இறக்கியது என்றால் இப்படித்தான் நிற்கும். விநியோகத்தார் கையொப்பமிட்ட கெர்னலை எடுப்பதே முதல் வழி. உபுண்டுவின் ஹெச்டபிள்யூஇ கெர்னல்களுக்குக் கையொப்பம் உண்டு.

செக்யூர் பூட்டை அணைப்பது இரண்டாவது வழி. ஆனால் அந்த லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால் முதலில் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், செக்யூர் பூட்டை அணைத்தபின் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பல புதிய லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. மீட்பு எண் கையில் இல்லாமல் அணைக்கவே அணைக்காதீர்கள். வேலை முடிந்ததும் மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பிள்ளைகளின் படமும் கணக்கு வழக்கும் இருக்கும் இயந்திரத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம். எண் கிடைக்கவில்லை, விண்டோஸும் வேண்டும் என்றால் பிட்லாக்கர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் கருப்புத் திரை

முதலில் இரண்டு நிமிஷம் பொறுங்கள். மெதுவான பென் டிரைவில் இனிட்ஆர்டி ஏறவே நேரம் பிடிக்கும். பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது துடிக்கிறதா என்று பாருங்கள்.

துடிக்கவில்லை என்றால் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் வரியிலிருந்து 'கொயட்' 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு பூட் செய்யுங்கள். இப்போது எழுத்துகள் ஓடும். கடைசி எழுத்து எங்கே நிற்கிறது என்பதே அடுத்த கிளை.

எழுத்துகள் ஓடி, திரை மாறும் இடத்தில் கருப்பானால்: கிராஃபிக்ஸ். அதே வரியில் 'நோமோட்செட்' சேருங்கள். அதில் ஏறினால், கெர்னல் கிராஃபிக்ஸுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இயந்திரம் புதியது என்றால் புதிய கெர்னல், பழையது என்றால் பழைய கெர்னல் தேடுங்கள். நோமோட்செட்டிலேயே காலம் தள்ளலாமா என்று கேட்பார்கள். கோப்புகளைக் காப்பாற்ற, டிஸ்க்கைப் பார்க்க, அது போதும். தினமும் வேலை செய்ய வேண்டாம். திரையின் அளவும் வெளிச்சமும் கட்டுக்குள் வராது, தூங்கி எழுவதும் ஒழுங்காக நடக்காது.

ஒரு எழுத்துகூட வராமல் கருப்பானால்: வெளி மானிட்டரைச் செருகிப் பாருங்கள். அதில் தெரிந்தால் லேப்டாப்பின் திரை அல்லது அதன் கேபிள். எதிலும் தெரியவில்லை, விண்டோஸும் தெரியவில்லை என்றால் கெர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹார்டுவேர் ஆளிடம் போங்கள்.

## அறிகுறி 6: கெர்னல் பேனிக், அல்லது இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒற்றை வரியில் நிற்பது

"அன்னோன்-பிளாக் (0,0)" என்று முடியும் பேனிக் (கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடுவது): கெர்னல் ஏறிவிட்டது, இனிட்ஆர்டி ஏறவில்லை. வரியைத் திருத்தும்போது இனிட்ஆர்டி வரி அழிந்துபோயிருக்கும், அல்லது பெயர் தவறு. இரண்டும் சரி என்றால் சுருக்கும் முறையைப் பாருங்கள். இசட்எஸ்டிடி முறையில் சுருக்கிய இனிட்ஆர்டியை 5.9க்கு முந்தைய பல கெர்னல்களால் விரிக்க முடியாது. புதிய உபுண்டுவின் இனிட்ஆர்டியோடு பழைய 5.4 கெர்னலை ஜோடி சேர்த்தால் இந்தப் பேனிக் வரலாம்.

"லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் கிடைக்கவில்லை" என்ற செய்தி: இனிட்ஆர்டி ஏறிவிட்டது, அதற்குப் பென் டிரைவைப் படிக்கத் தெரியவில்லை. எளிய காரணம், யுஎஸ்பி 3 போர்ட். நீல நிறப் போர்ட்டிலிருந்து கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அடுத்தது, கெர்னல் ஒரு பதிப்பு, இனிட்ஆர்டி வேறு பதிப்பு. அதனால் உள்ளிருக்கும் யுஎஸ்பி மாட்யூல் ஏறவில்லை. மூன்றாவது, உபுண்டு வகைக்கு மட்டும் உரியது: ஒவ்வொரு ஐஎஸ்ஓவின் இனிட்ஆர்டியிலும் ஒரு அடையாள எண் இருக்கும், அது பென் டிரைவில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வேறு ஐஎஸ்ஓவின் ஜோடியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் ஒத்துப்போகாது. லினக்ஸ் வரியில் 'இக்னோர்_யுயுஐடி' சேர்த்தால் அந்தச் சோதனையை விட்டுவிடும்.

'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வரிவரியாக ஓடினால்: பென் டிரைவ் கெட்டிருக்கிறது அல்லது எழுதும்போது பிழை. வேறு பென் டிரைவில் எழுதுங்கள். அதிலும் அதே பிழை வந்தால் மெம்டெஸ்ட் ஓட்டி ராமைப் பாருங்கள். சிவப்பு வரிகள் வந்தால் ராம் மாற்ற வேண்டும். ராம் கழற்றி மாட்டக்கூடியதா, போர்டில் பற்றவைத்ததா என்று பாருங்கள். பற்றவைத்தது என்றால் அது போர்டு வேலை செய்பவரிடம் போக வேண்டியது.

## அறிகுறி 7: ஏறிவிட்டது, ஆனால் வைஃபை, சத்தம், டச்பேட் எதுவும் இல்லை

'யூநேம் -ஆர்' காட்டும் எண்ணையும் /லிப்/மாட்யூல்ஸ் உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லை என்றால்: கெர்னலும் இனிட்ஆர்டியும் மாறிவிட்டன, சிஸ்டத்துக்குள் அதற்கான மாட்யூல்கள் இல்லை. சட்டை பெரியவருடையது, பொத்தான் சின்னவருடையது மாதிரி, ஒன்றும் மாட்டாது. இதற்கு அறிகுறி 8இல் சொல்லும் வழி, அல்லது வேறு ஐஎஸ்ஓ.

ஒன்றாக இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை என்றால்: 'எல்எஸ்பிசிஐ -கே' அடியுங்கள். கார்டுக்குக் கீழே டிரைவர் பெயர் இருந்தால், இல்லாதது ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு). கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யில் அது தேடும் கோப்பின் பெயரே வரும். டிரைவர் பெயரே இல்லை என்றால் கெர்னல் பழையது; அறிகுறி 2இல் சொன்ன எண்களைப் பாருங்கள். அதுவரை வேலை நடக்கப் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான கெர்னல்கள் அதை ஏற்கும்.

## அறிகுறி 8: புதிய கெர்னலை நிறுவினேன், பழையதே ஏறுகிறது

மாற்றங்களைச் சேமித்து வைக்கும் பென் டிரைவ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவார்கள். லைவ் சிஸ்டத்துக்குள் புதிய கெர்னலை நிறுவுகிறோம், எல்லாம் முடிந்தது என்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் 'யூநேம் -ஆர்' பழைய எண்ணையே சொல்கிறது.

முதல் சோதனை: சேமிப்பு உண்மையிலேயே நடக்கிறதா? டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். காணாமல் போனால் கெர்னல் பிரச்சினை இல்லை. லினக்ஸ் வரியில் உபுண்டுவுக்கு 'பெர்சிஸ்டன்ட்' என்றும், டெபியனுக்கு 'பெர்சிஸ்டன்ஸ்' என்றும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் பிழையும் காட்டாமல் அது பாட்டுக்கு விட்டுவிடும். சேமிப்புப் பகுதியின் பெயரும் முக்கியம்: உபுண்டு 20.04லிருந்து 'ரைட்டபிள்', அதற்கு முன்னால் 'கேஸ்பர்-ஆர்டபிள்யூ', டெபியனில் 'பெர்சிஸ்டன்ஸ்'.

சேமிப்பு சரியாக இருந்தால் காரணம் இதுதான்: நிறுவிய புதிய கெர்னல் சேமிப்புப் பகுதியில் /பூட் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. மெனு ஏற்றுவதோ பென் டிரைவின் கேஸ்பர் ஃபோல்டரில் இருப்பதை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. நிறுவும்போது 'ரீட்-ஒன்லி மீடியாவில் ஓடுவதால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வரி ஓடியிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

உபுண்டு வகையில் கையால் செய்யும் வழி:

1. சேமிப்போடு பூட் செய்து, /லிப்/மாட்யூல்ஸ் உள்ளே புதிய எண்ணில் ஃபோல்டர் இருப்பதை உறுதி செய்யுங்கள்.
2. இனிட்ஆர்டியை நீங்களே உருவாக்குங்கள்: 'சூடோ எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் -ஓ' என்று அடித்து, சேமிக்கும் கோப்பின் பெயர், அப்புறம் புதிய கெர்னலின் முழு எண். நிறுத்தப்பட்ட அந்தக் கட்டளையை இது தொடுவதில்லை, அதனால் வேலை செய்யும்.
3. பென் டிரைவ் /சிடிராம் என்ற இடத்தில் இருக்கும், வாசிக்க மட்டும். 'சூடோ மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /சிடிராம்' கொடுங்கள்.
4. /பூட் உள்ளே இருக்கும் புதிய விஎம்லினுஸையும் நீங்கள் உருவாக்கிய இனிட்ஆர்டியையும் கேஸ்பர் ஃபோல்டருக்கு வேறு பெயரில் நகல் எடுங்கள். பழைய ஜோடி அப்படியே இருக்கட்டும். புதியது நின்றுவிட்டால் திரும்பி வர வழி அதுதான்.
5. /சிடிராம்/பூட்/கிரப் உள்ளே கிரப்.சிஎஃப்ஜி கோப்பில், முதல் 'மெனுஎன்ட்ரி' பகுதி முழுவதையும் கீழே நகல் எடுத்து, தலைப்பையும் இரண்டு கோப்புப் பெயரையும் மாற்றுங்கள். லினக்ஸ் வரியில் 'பெர்சிஸ்டன்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மாட்யூல்கள் சேமிப்பில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் ஏறினால் நேராக அறிகுறி 7தான்.
6. 'சிங்க்' அடித்து, அது முடியும்வரை காத்திருந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்றாவது படியில் எழுத முடியாது என்று சொன்னால், பென் டிரைவை டிடி முறையில் (ஐஎஸ்ஓவை அப்படியே நகல் எடுப்பது) எழுதியிருக்கிறீர்கள் அல்லது வென்டாயிலிருந்து ஐஎஸ்ஓவாக ஏற்றியிருக்கிறீர்கள். அந்த வடிவத்துக்குள் எழுதவே முடியாது. ரூஃபஸில் (பென் டிரைவ் எழுதும் விண்டோஸ் மென்பொருள்) ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதினால் ஃபேட்32 ஆக வரும், அதில் எழுதலாம். இல்லை என்றால் கியூபிக் மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்து, உள்ளே புதிய கெர்னலை நிறுவி, பூட் செய்யும் கெர்னலாக அதையே தேர்ந்தெடுத்துப் புதிய ஐஎஸ்ஓ உருவாக்கலாம். ஒரே மாதிரி லேப்டாப் பத்து இருக்கும் பள்ளிக் கூடத்துக்கு நான் பரிந்துரைப்பது கியூபிக்தான். ஒரு மாலை நேரம் போகும், அப்புறம் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே ஐஎஸ்ஓ.

ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. சேமிப்போடு புதிய கெர்னலை நிறுவி, ரீமாஸ்டர் செய்து (மாற்றங்களோடு சிஸ்டத்தை மறுபடி பொட்டலம் கட்டுவது), 'லைவ் கெர்னல் அப்டேட்டர்' என்ற கருவியை ஓட்டினால் பென் டிரைவின் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் அதுவே மாற்றித் தரும். கெர்னலை அடிக்கடி மாற்ற வேண்டியவர்கள் முதலிலேயே இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

மெனுவில் சேர்த்த புதிய வரி ஒரு லேப்டாப்பில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்றால்: டெபியன் லைவ் மாதிரிச் சிலவற்றில் யுஇஎஃப்ஐக்கு கிரப், பழைய பயாஸுக்கு ஐசோலினக்ஸ் என்று இரண்டு மெனு உண்டு. ஒன்றில் சேர்த்தது மற்றதில் வராது. ஐசோலினக்ஸ் ஃபோல்டரிலும் அதே வரியைச் சேருங்கள்.

## அறிகுறி 9: ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடுகிறது

பே டிரெயில் வகை சிபியு (என்2830, என்2840, என்3540 போன்றவை) என்றால்: லினக்ஸ் வரியில் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' சேருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், உறைவது நிற்கும். இது தெரியாமல் நல்ல போர்டைப் போய்விட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

'டூராம்' சொல்லோடு ஏற்றியிருந்தால்: சிஸ்டம் முழுவதும் ராமுக்குள் போகிறது. 2 ஜிபி, 4 ஜிபி இயந்திரத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால்: கெர்னலை மாற்றிப் பாருங்கள், ஒன்றில் உறைந்து மற்றதில் உறையவில்லை என்றால் அந்த ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கெர்னலிலும், விண்டோஸிலும், ஏறக்குறைய ஒரே நேரம் கழித்து உறைந்தால் சூடு. விசிறி சுற்றுகிறதா, அடியில் காற்று போகும் துளையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்தெந்தக் கெர்னல் எண்ணில் பார்த்தீர்கள், எது எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதி, போனில் எடுத்த படங்களையும் காட்டுங்கள். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.